டயரைப் புகழ்பவர் எந்தச் சாலையில் ஓட்டினார்?

கேள்வி: நான் தாம்பரத்தில் வசிக்கிறேன். டாமினார் 400 பைக் வைத்திருக்கிறேன். தினமும் படப்பை வழியாக ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். மாதம் ஒருமுறை மனைவியுடன் புதுச்சேரிக்கோ ஏலகிரிக்கோ பயணம் உண்டு. பின் டயர் முடிந்துவிட்டது. முன் டயரில் பாதி மிச்சம் இருக்கிறது. ஒரு நண்பர் மிஷெலின் ரோடு 5 டயர் மாட்டிவிட்டு, வண்டியே மாறிவிட்டது என்கிறார். இன்னொருவர் அதே டயர் சீக்கிரமே தேய்ந்துவிட்டது என்று வருத்தப்படுகிறார். மூன்றாமவர், நம் ஊர் நிறுவனங்களின் ரேடியல் டயரே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து ஓட்டினால் பிடிப்பு கூடும் என்று சொல்வது உண்மையா?

பதில்: உங்கள் மூன்று நண்பர்களும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். டயரைப் பற்றி ஒருவர் சொல்லும் அனுபவத்தில் டயரின் பங்கு பாதிதான். மீதிப் பாதி அவர் கழற்றிப் போட்ட பழைய டயர், அவர் ஓட்டும் சாலை, வைக்கும் காற்று, பின்னால் ஏற்றும் சுமை ஆகியவற்றைச் சேர்ந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் அவருடைய அனுபவம் உங்களுக்குப் பயன்படும்.

முதல் நண்பரிடமிருந்து தொடங்குவோம். கடைக்குப் போவதற்கு முன் உங்கள் பழைய பின் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். வண்டியை நடு ஸ்டாண்டிலோ, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்திவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உள்ளங்கையைக் குறுக்காக நகர்த்துங்கள். ஓரத்தில் வளைவாக ஏறும் கை, நடுவில் வந்ததும் மேசைமேல் வைத்தது போலத் தட்டையாக நிற்கும். தட்டையான அந்தப் பட்டை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு விரலில் தட்டுப்படும். மோட்டார் சைக்கிள் சாய்ந்துதான் திரும்புகிறது; அதற்காகவே டயர் உருண்டையாகச் செய்யப்படுகிறது. நடுப்பகுதி தட்டையாகிவிட்டால், சாய்க்கும்போது வண்டி முதலில் முரண்டுபிடிக்கும். அந்த விளிம்பைத் தாண்டியவுடன் சட்டென்று விழுவதுபோல் சாயும். இந்த மாற்றம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. அவர் தோளும் கையும் அதற்குப் பழகிவிடுகின்றன.

அந்த டயரைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டி முதல் திருப்பத்தில் திரும்பும்போது வண்டி நினைத்த இடத்துக்குத் தானே போகிறது. கிழிந்த செருப்பை மாற்றிய அன்று எந்தச் செருப்பும் காலுக்கு இதமாகத்தான் இருக்கும். எனவே முதல் வாரப் புகழ்ச்சியில் பெரும்பங்கு, உருண்டை வடிவம் திரும்ப வந்ததற்கு உரியது. நண்பரிடம் கேட்கவேண்டியது இரண்டு: கழற்றிய டயர் எந்த நிலையில் இருந்தது? புதிய டயர் ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் அதே நன்மை தெரிகிறதா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

உங்கள் சாலைக்கு வருவோம். முடிச்சூர், படப்பை, ஒரகடம் என்று தினமும் நேராகப் போகிறீர்கள். புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையும் பெரும்பாலும் நேர்கோடுதான். ஏலகிரியில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆனால் அவற்றை அடைவதற்கு முன் வேலூர், வாணியம்பாடி வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேல் நெடுஞ்சாலையில் நிமிர்ந்தபடி ஓட்டியாக வேண்டும். சென்னைக்காரரின் பின் டயர் நடுவில்தான் சாகிறது. ஓரத்தில் பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டிகள்) புத்தம் புதிதாக இருக்க, நடுவில் மொட்டையாகிவிடும். ஆகவே, எவ்வளவு சாய்த்தாலும் பிடிப்பு விடவில்லை என்று கொடைக்கானல் சாலையிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ ஓட்டியவர் சொல்லும் பாராட்டு உங்களுக்கு இரண்டாம்பட்சம். நடுப்பகுதி எவ்வளவு காலம் உருண்டையாக நிற்கிறது, நனைந்த சாலையில் பிரேக் போட்டால் எப்படி நிற்கிறது என்ற இரண்டும்தான் உங்கள் அளவுகோல்.

ஸ்போர்ட் டூரிங் டயர்கள் இந்தத் தேவைக்காகவே உருவானவை. இவற்றில் பலவற்றின் பின் டயரில் நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் சேர்த்து வார்க்கப்படுகின்றன. நடு சீக்கிரம் தேயாது; சாய்க்கும்போது மென்மையான பகுதி சாலையைப் பிடிக்கும். அதோடு ரப்பர் கலவையில் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) அதிகம். சிலிக்கா சேர்ந்த ரப்பர் அதிகம் சூடேறாத நிலையிலும் இளக்கமாக இருப்பதால், ஈரச் சாலையின் சொரசொரப்புக்குள் நன்றாகப் படிகிறது. பந்தய வகை டயருக்குச் சூடேறினால்தான் வேலை. தாம்பரம் சிக்னலில் நின்று நின்று போகும் மழை நாளில் அந்தச் சூடு வரவே வராது.

இந்த வகையில் 2018-ல் சந்தைக்கு வந்த ரோடு 5-இன் சிறப்பு, அதன் மெல்லிய வெட்டுகளின் உட்புறத்தில் இருக்கிறது. மேலே கோடாகத் தெரியும் அந்த வெட்டு, உள்ளே போகப்போக அகலமாகிறது. ரப்பர் தேயும்போது மேல்பகுதி போய் அகலமான பகுதி வெளிப்படுவதால், பழையதான பிறகும் தண்ணீரை வாங்கி வெளியேற்ற வழி இருக்கிறது. பாதி தேய்ந்த டயரோடு ஐப்பசி, கார்த்திகை மழையைச் சந்திக்கும் நமக்கு இது உண்மையிலேயே பயனுள்ள ஏற்பாடு. ஓசூரில் உருவாகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 2020 முதல் தொழிற்சாலையிலேயே இந்த டயர் பொருத்தப்பட்டு வருகிறது. அதன் அளவுகளும் உங்கள் வண்டிக்கு உரிய முன் 110/70, பின் 150/60, இரண்டும் 17 அங்குலம்தான். எனவே நம் வெயில், நம் மழை, நம் சாலைகளில் இந்த டயரை ஓட்டிய அனுபவம் உள்ளவர்களைத் தேடிப்பிடிப்பது கடினமல்ல. அவர்களிடம் பேசுங்கள். குளிர்நாட்டு ஓட்டுநர்கள் எழுதும் மதிப்புரைகளில், ஐந்தாறு டிகிரி குளிரிலும் டயர் உடனே சூடேறுகிறது என்ற பாராட்டு அடிக்கடி வரும். அது அவர்களுக்குப் பெரிய விஷயம். அக்கினி நட்சத்திரத்தில் ஒரகடத்துக்குப் போகிறவர் அதற்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது நண்பரின் டயர் ஏன் சீக்கிரம் தேய்ந்தது? டயரைக் குறை சொல்வதற்கு முன் அவர் காற்றை எப்போது, எப்படிப் பார்க்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் மிகவும் வருந்தும் விஷயம் இதுதான்: ஆயிரக்கணக்கில் கொடுத்து டயர் வாங்குகிறவர்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காற்றழுத்தமானியை வாங்குவதில்லை. பெட்ரோல் நிலையத்துக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது டயர் சூடாகியிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். கையேட்டில் எழுதியிருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. சூடான டயரில் அந்த அளவுக்கு நிறுத்தினால், மறுநாள் காலையில் அது குறைந்த காற்றோடுதான் கிளம்புகிறது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கி விரிகிறது. அந்த உழைப்பு வெப்பமாகிறது, வெப்பம் ரப்பரைத் தின்கிறது. மே மாதத் தார்ச்சாலையின் சூடும் அதோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

சுமையும் இப்படித்தான். உங்கள் பின் டயரின் பக்கச்சுவரில் 66எச் என்ற குறி இருக்கும். 66 என்பது 300 கிலோ தாங்கும் என்பதற்கும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை பொருந்தும் என்பதற்கும் அடையாளம். இருவரும் பைகளுமாக ஏலகிரி போனாலும் பின் சக்கரத்தின் பங்கு அந்த 300-ஐத் தாண்டாது. ஆனால் உரிய காற்று இருந்தால்தான் அந்தத் தாங்கும் திறன் செல்லும். மனைவியோடு கிளம்பும் நாளில், வீட்டு வாசலிலேயே, டயர் குளிர்ந்திருக்கும்போது, இருவருக்கென்று கையேடு சொல்லும் அளவுக்குக் காற்றை ஏற்றுங்கள். திரும்பி வந்ததும் தனியாக ஓட்டும் அளவுக்குக் குறையுங்கள். இதை முறையாகச் செய்தால், உங்கள் வகை வண்டியில் நல்ல ஸ்போர்ட் டூரிங் பின் டயர் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம்.

மூன்றாவது நண்பர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். திருவொற்றியூரில் எம்ஆர்எஃப், ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சியட், ஜேகே, தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் என்று சென்னையைச் சுற்றி டயர் தொழிற்சாலைகள் நிற்கின்றன. நீங்கள் வேலைக்குப் போகும் ஊரே டயர் ஊர்தான். இத்தனை ஆலைகளும் இருசக்கர ரேடியல் செய்பவை அல்ல என்றாலும், நம் நாட்டு இருசக்கர ரேடியல்கள் (உள்ளிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் டயர்கள்) நன்றாக முன்னேறியிருக்கின்றன. அப்போலோ ஆல்ஃபா எச்1, எஃகுப் பட்டை வைத்த நல்ல டயர். மதுரையில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா தன் யூரோகிரிப் வரிசையில் ரோடுஹவுண்ட் என்ற ஸ்போர்ட் டூரிங் டயரையே ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்புகிறது. காய்ந்த சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், இவற்றுக்கும் விலை உயர்ந்த டயருக்கும் பெரிய வேறுபாட்டை உணரமாட்டீர்கள். வேறுபாடு தெரியும் இடம் ஈரம். அதுவும் டயர் பாதி தேய்ந்த பிறகு வரும் ஈரம்.

என் பரிந்துரை: மழைக்காலம் முழுவதும் தினமும் ஓட்டுகிறீர்கள், மனைவியையும் ஏற்றுகிறீர்கள் என்பதால், கையில் பணம் இருந்தால் ரோடு 5 வகை டயருக்குச் செலவிடுங்கள். மழை நாட்களில் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்விடுவீர்கள் என்றால் உள்ளூர் ரேடியல் போதும். மிச்சப் பணத்தில் நல்ல மழை உடையும் காற்றழுத்தமானியும் வாங்கலாம். எந்த டயராக இருந்தாலும், மெட்ரோ பணிக்காகச் சாலையில் பதித்த இரும்புத் தகடும், பல நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறலில் எண்ணெய் மிதக்கும் சிக்னல் முனையும் அதை ஏமாற்றிவிடும். அங்கே வண்டியை நிமிர்த்தி, பிரேக்கைத் தொடாமல் கடப்பது ஒன்றே வழி.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், மாட்டுவதற்கு முன் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2325 என்று இருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 2020 ஜூன் மாதம் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, வெளிநாட்டு டயர்கள் சீராகக் கிடைப்பதில்லை. கிடங்கில் கிடந்தது புதியதாக விலைபோகும் வாய்ப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டதை முழு விலைக்கு நான் வாங்கமாட்டேன். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அகலமான டயர் அழகாக இருக்கும் என்று கடைக்காரர் 150-க்குப் பதில் 160 மில்லிமீட்டர் அகல அளவை எடுத்துக் காட்டினால் மறுத்துவிடுங்கள். ரிம்முக்கு மீறிய டயரின் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு, அதன் வடிவமே கெடும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கவேண்டும். வால்வைப் புதிதாக மாற்றி, பேலன்ஸும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

முன் டயரைப் பொறுத்தவரை, பாதி மிச்சம் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதன் தயாரிப்புத் தேதியைப் படியுங்கள். பிறகு சுற்றுவாக்கில், முதலில் முன்னோக்கியும் அடுத்துப் பின்னோக்கியும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் தட்டினால் பட்டன்கள் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கின்றன. அதை மாற்றிவிடுவது நல்லது. அப்படி இல்லாமல், ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதாகவும் ரேடியலாகவும் இருந்தால், இப்போதைக்கு அதையே ஓட்டலாம். ஆனால் புதிய பின் டயரோடு வண்டியின் முன்பகுதி கொஞ்சம் கனமாகத் தோன்றும். அதை வைத்துப் புதிய டயர் மோசம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அளவுகள் பொருந்தினாலும் ரேடியலையும், இழைகள் சாய்வாகக் குறுக்கிடும் சாதாரணக் குறுக்கு இழை டயரையும் முன்னும் பின்னுமாகக் கலக்கவேண்டாம். புதியது மாட்டிய முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை மேற்பரப்பு வழுக்கும். அதுவரை முரட்டுத்தனமாகச் சாய்ப்பதும் பிரேக் போடுவதும் கூடாது.

கடைசியாக, மழையில் காற்றைக் குறைப்பது. வேண்டாம். மணலிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் குறைப்பதைப் பார்த்து வந்த பழக்கம் இது. தார்ச்சாலையில் தண்ணீரை வெளியேற்றுவது, டயருக்கும் சாலைக்கும் இடையிலான அழுத்தமும் திறந்து நிற்கும் வெட்டுகளும்தான். காற்றைக் குறைத்தால் அந்த அழுத்தம் குறைகிறது. வெட்டுகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. டயர் தண்ணீரின் மேல் மிதப்பது எளிதாகிறது. போதாததற்கு, தேங்கிய நீருக்குள் மறைந்திருக்கும் பள்ளத்தில் இறங்கினால் ரிம் அடிவாங்கும். கையேட்டில் உள்ள அளவையே மழையிலும் வையுங்கள், குறைக்கவேண்டியது வேகத்தை.