டிக்கியில் இருக்கும் பார்சல்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 49 வயது. ஐ.டி. வேலை. சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில்லில் 20 வருடமாக இருக்கிறோம். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் என்றால் எனக்குப் பைத்தியம். அவர் கையெழுத்துப் போட்ட இரண்டு கடிதங்கள், கையெழுத்தோடு 1932ஆம் வருடத்துச் சுயசரிதை, அவருடைய கட்டட வரைபடங்களோடு பெர்லினில் அச்சான வாஸ்மூத் தொகுப்பிலிருந்து ஆறு படத்தாள்கள் என்று 12 வருடமாகச் சேர்த்திருக்கிறேன். கார்டில் 23,000 டாலர் கடன் இருக்கிறது. ஆனால் இவற்றின் மதிப்பு அதைவிட அதிகம். மகள் அடுத்த வருடம் காலேஜ் போகிறாள். எல்லாவற்றையும் விற்கச் சொல்கிறாள் மனைவி. "செத்துப்போனவர் கையெழுத்துக்கு இவ்வளவு காசா?" என்கிறாள். பார்சல்கள் ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும். போன மாதம் ஒன்று தவறி வீட்டுக்கு வந்துவிட்டது. நல்ல வேளை, மகள் வாங்கி, அம்மாவுக்குத் தெரியாமல் என் கார் டிக்கியில் வைத்துவிட்டாள். இன்னும் பிரிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அவளுக்காவது என் ரசனை புரிகிறது. இது குப்பை இல்லை, பொக்கிஷம் என்று மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம் தம்பி. மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன். அதில் மூன்றேகால் பக்கம் ரைட் புராணம். மனைவிக்கு எட்டு வரி, மகளுக்கு நாலு வரி. இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருவர் பழைய கேமரா என்பார், ஒருவர் நாணயம் என்பார், இன்னொருவர் லட்ச ரூபாய் சைக்கிள் என்பார். கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது? அவர்களுக்கெல்லாம் நன்றாகவே புரிந்துதான் இருக்கிறது. அதனால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறேன்.

நான் நின்றது "நல்ல வேளை" என்ற இடத்தில்.

அந்த நல்ல வேளை எப்படி இருந்திருக்கும்? வாசல் மணி அடிக்கிறது. 17 வயதுப் பெண் போய்க் கதவைத் திறக்கிறாள். பெட்டியின் மேல் அனுப்பியவர் பெயரைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. எப்படி விளங்கியது? இதற்கு முன்னால் நடந்த சண்டைகளையெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்ட பிள்ளை அது. அம்மா எங்கே என்று காது கொடுக்கிறாள். சமையலறையில் குழாய்ச் சத்தம். சாவியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போகிறாள். பெட்டியை டிக்கியில் வைத்து, சத்தம் வராமல் அழுத்தி மூடுகிறாள். உள்ளே வந்ததும் அம்மா "யாரும்மா வாசல்ல?" என்று கேட்டிருப்பாள். கேட்காத அம்மா உண்டா? அதற்கு உங்கள் மகள் என்ன சொன்னாள்? நாலு பக்கத்தில் அது இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை, அப்படித்தானே?

இதற்கு ரசனை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ரசனையாக இருந்தால் "அப்பா, என்ன வந்திருக்கு, பிரிங்க" என்று அன்றைக்கே பிடுங்கியிருப்பாள். ஒரு மாதமாக அது டிக்கியில் கிடக்கிறது, அவளும் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு சண்டையில்லாமல் முடிய வேண்டும் என்று அந்தப் பெண் தன் பங்குக்கு ஒரு பொய்யைப் போட்டிருக்கிறாள். அதில் உங்களுக்குப் பெருமை வேறு.

எங்கள் பெரியப்பாவுக்கு கிராமபோன் இசைத்தட்டு மோகம். காய்கறிப் பைக்குள் தட்டை நிறுத்தி, இரண்டு பக்கமும் முருங்கைக்காயைச் செருகிக்கொண்டு வருவார். கொல்லைப்புறத்தில் காத்திருந்து பையை வாங்கிக்கொள்வது பத்து வயது அண்ணனின் வேலை. பெரியம்மா முன்வாசலில் பெரியப்பாவுக்குத் தண்ணீர்ச் செம்பு கொண்டுவந்து வைப்பதற்குள், தட்டு நெல் குதிருக்குப் பின்னால் போய்விடும். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அண்ணன் பெரியவனாகி, மூன்று வருடம் பெட்டிக்கடையில் கடன் வைத்து, பிறகு வேலை போனதையே ஆறு மாதம் வீட்டில் மறைத்தான். அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பெரியப்பா அவனை அடிக்கக் கை ஓங்கி, பாதியில் இறக்கிக்கொண்டார். நான் அந்தக் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் மனைவிக்கு அந்த 23,000 தெரியுமா? நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது. கல்யாணமான வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்குக் கடன் இருக்கக் கூடாது. இந்த விஷயத்தில் நான் பழைய பஞ்சாங்கம்தான், மாறப்போவதில்லை. உங்கள் கார்டுக்கு 22 சதவீத வட்டி என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். வருடத்துக்கு 5,000 டாலர். அது உங்கள் பணம் மட்டும் என்று நினைக்கிறீர்களா?

சரி, ரைட்டுக்கு வருவோம். எனக்கு அவரைத் தெரியாது என்று நினைத்து இவ்வளவு விளக்கியிருக்கிறீர்கள். கொஞ்சம் தெரியும். அந்த ஆறு வாஸ்மூத் தாள்களை எவ்வளவு ஆசையாக வர்ணிக்கிறீர்கள்! 1910-11இல் பெர்லினில் வந்த தொகுப்பு, 100 தாள், ஐரோப்பாவில் ஒரு தலைமுறைக் கட்டடக் கலைஞர்களே அதைப் பார்த்து வளர்ந்தார்கள், எல்லாம் சரி. அந்த வேலைக்கு அவர் ஐரோப்பா போனது எப்படி? 1909இல் சிகாகோ பக்கத்து ஓக் பார்க்கில் மனைவி கேத்தரினையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, தன்னிடம் வீடு கட்டிக்கொண்ட ஒருவரின் மனைவியோடு போனார். கடைக்குட்டிக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. மளிகைக் கடைக்கு 900 டாலர் பாக்கி வைத்துவிட்டுப் போனார், கேத்தரின் தலையில். உங்கள் தாள்களின் வரலாற்றில் அந்த மளிகை பில்லும் சேர்த்திதான். அமெரிக்காவில் விற்க வைத்திருந்த பிரதிகளில் பெரும்பாலானவை 1914இல் விஸ்கான்சினில் அவருடைய டாலியசின் வீடு எரிந்தபோது போயின, சுமார் முப்பதுதான் மிஞ்சின. அதனால்தான் உங்களுக்கு அந்த விலை. அந்தத் தீயன்று ஏழு பேர் கொலையானார்கள், அவரோடு ஐரோப்பா போன அந்தப் பெண்ணும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் உட்பட. உங்கள் மூன்றேகால் பக்கத்தில் தீ இருக்கிறது, பிள்ளைகள் இல்லை.

கையில் காசு வந்தாலும் கிடைக்கவே கிடைக்காது என்று ஏங்குகிறீர்களே, 'தி ஹவுஸ் பியூட்டிஃபுல்', 1896-97 குளிர்காலத்தில் ரைட்டும் நண்பர் வின்ஸ்லோவும் கையால் அச்சடித்த 90 பிரதிகள், அது எதைப் பற்றிய புத்தகம் என்று சொல்லவில்லையே? இல்லறம் பற்றிய உபதேசம். அதன் கடைசி அத்தியாயம் வீட்டில் எல்லோரும் கூடியிருப்பதன் அருமை பற்றியது. அதை அச்சுக் கோத்து, பூவேலை செய்து அலங்கரித்தவர் 12 வருடத்தில் கிளம்பிவிட்டார்.

அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்பாவாக இருக்கும் குணம் தனக்கு அமையவில்லை, தன் கட்டடங்கள்தான் தனக்குப் பிள்ளைகள் என்று அவரே அந்தச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. ஆடம்பரத்தைப் பார்த்துக்கொண்டால் அத்தியாவசியம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்றும் அதில் சொல்கிறார். ஜப்பானிய ஓவியங்களாக வாங்கிக் குவித்தவர், கடைசியில் 1927இல் கடனுக்காக அவற்றை நியூயார்க்கில் ஏலம் விட வேண்டியதாயிற்று. மகன் ஜான் அவரிடமே வேலை பார்த்தான். ஒருமுறை சம்பளப் பாக்கி கேட்டதற்கு, அவன் பிறந்ததிலிருந்து தனக்கு ஆன செலவையெல்லாம் கணக்குப் போட்டு நீட்டினார் என்று ஜானே எழுதி வைத்திருக்கிறான். (லிங்கன் லாக்ஸ் என்று மரக்கட்டைப் பொம்மை வைத்து அமெரிக்கப் பிள்ளைகள் விளையாடுமே, அதைச் செய்தவன் இந்த ஜான்தான்.) அவருக்காவது கட்டிய கட்டடங்கள் இருந்தன தம்பி. வாங்குகிற நமக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

மகளுக்கு ஏழு வயதில் ஓக் பார்க் வீட்டுக்குக் கூட்டிப்போனதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே 1895இல் பிள்ளைகளுக்காக அவர் சேர்த்துக் கட்டிய விளையாட்டு அறை இருக்கிறது. வளைந்த கூரை, சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி தாழ்வான ஜன்னல்கள். அந்த ஜன்னலோரத்தில் அவள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள் என்கிறீர்கள். அன்றைக்கு அவளுக்கு இருந்தது ரசனை. அதை டிக்கிக்குள் கொண்டுபோய் முடித்தது நீங்கள்.

உங்கள் பொருள்கள் குப்பை என்று நான் சொல்ல மாட்டேன், அதில் உங்கள் மனைவியோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு மனிதர் கைபட்ட காகிதத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் "மதிப்பு அதிகம்" என்பது நீங்கள் கொடுத்த விலையை வைத்துச் சொல்வது. ஏல நிறுவனத்தின் கமிஷன் போக உங்கள் கையில் வருவது வேறு. இரண்டு இடத்திலாவது மதிப்பீடு எழுத்தில் வாங்குங்கள், முதலில் கேட்கிற வியாபாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். கடிதங்கள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தன என்பதற்கு ரசீதோ சீட்டோ இல்லாவிட்டால் விலை பாதியில் நிற்கும். டாலியசின் கடிதப் போக்குவரத்துக்கு 1988இல் ஐந்து தொகுதிகளாக ஓர் அட்டவணை வந்திருக்கிறது. உங்கள் இரண்டு கடிதங்களும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூல ஆவணங்கள் 2012 முதல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்திலும் நவீனக் கலை அருங்காட்சியகத்திலுமாக இருக்கின்றன. அங்கே எழுதிக் கேட்கலாம். தயவுசெய்து எதையும் லேமினேட் பண்ணாதீர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சேர்ப்பவர்களில் பாதிப்பேர் செய்கிற காரியம் அது.

எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்யக் கூடாது. ஒரு கடிதம், உங்களுக்கு மிகவும் பிடித்தது, வீட்டில் இருக்கட்டும் என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். பிடிவாதமாகச் சொல்லாதீர்கள், கேளுங்கள். கார்டு பில்லை முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். கோபப்படுவார், ரெண்டு நாள் பேசாமலும் இருப்பார். பட வேண்டியதுதான். ஆபீஸ் முகவரியை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

பிறகு அந்தப் பார்சல். சிகாகோவில் ஜனவரி மாதம் கார் டிக்கி எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரப்பதம், வெப்பநிலை என்று அரைப் பக்கம் எழுதியவர், பழைய காகிதத்தை ஒரு மாதமாக உறைபனியில் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஒளித்து வைக்கிற பொருளை ஒழுங்காகக் காப்பாற்றக்கூட முடியாது, பார்த்தீர்களா? இன்று சாயங்காலமே உள்ளே எடுத்து வாருங்கள். மகளைக் கூப்பிட்டு, அவள் அம்மா முன்னால் சொல்லுங்கள்: "அன்னிக்கு நீ ஒளிச்சு வெச்சது என்னாலதான், உன் மேல தப்பில்ல." அதற்கு மேல் விளக்க ஆரம்பிக்காதீர்கள், ரைட் பேரை எடுக்கவே வேண்டாம். சில்லிப்பு போகக் கொஞ்ச நேரம் மேஜை மேல் இருக்கட்டும். அப்புறம் கத்தரிக்கோலை மனைவியிடம் கொடுங்கள், அவர் பிரிக்கட்டும். பில் உள்ளேதான் இருக்கும். முன்னாலேயே எடுத்துவிடாதீர்கள்.