தம்பிக்கு மவுண்டன் பைக் ரேஸ்: லோன் எடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: தம்பிக்கு 16 வயது. வரும் டிசம்பரில் 17 முடிகிறது. கொட்டகலைப் பக்கம் தோட்டம். மவுண்டன் பைக் ரேசுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பழக்கித் தருவதாகச் சொல்லும் ஒருவர், ஜப்பானில் இருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்றை 180,000 ரூபாய்க்குத் தருகிறார். ரேஸ் ஓடுவதற்கான லைசன்சும் அவரே எடுத்துக் கொடுப்பாராம். 17 முடிவதற்குள் பதியாவிட்டால் வயது போய்விடும், ரேசில் ஜெயித்தால் யுனிவர்சிட்டியும் கிடைக்கும் என்கிறார். 15,000 முற்பணம் கொடுத்துவிட்டோம். நான் கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்கிறேன். மீதிக்கு லோன் எடுக்கலாமா?

பதில்: லோன் எடுக்க வேண்டாம், தங்கச்சி. தம்பியைத் தடுக்கவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு விஷயம். அந்த மனுஷன்தான் இரண்டையும் ஒன்றாகக் கட்டி உங்களிடம் விற்கப் பார்க்கிறார்.

முதலில் வயது. இதில்தான் பெற்றோரை அதிகம் பயமுறுத்துகிறார்கள். உலக சைக்கிளோட்ட அமைப்பான யூசிஐயின் விதிப்படி பிறந்த நாளைப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள். போட்டி நடக்கும் ஆண்டில் இருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் 17 அல்லது 18 வந்தால் ஜூனியர். உங்கள் தம்பிக்கு இந்த வருஷம் டிசம்பரில் 17 முடிகிறது என்றால், கணக்குப்படி அவன் இந்த ஜனவரியிலேயே ஜூனியர் ஆகிவிட்டான். அடுத்த வருஷம் முழுக்கவும் ஜூனியர்தான். அதற்கு அடுத்த ஜனவரியில் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போவான். ஆகவே டிசம்பரோடு எந்தக் கதவும் மூடப்போவதில்லை.

டிசம்பர் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் மட்டும் உண்டு. அதே வருஷம் ஜனவரியில் பிறந்தவனும் இவனும் ஒரே பிரிவில் ஓட வேண்டும். பதினாறு, பதினேழில் பதினொரு மாதம் என்பது சின்ன வித்தியாசம் இல்லை. ஒருவனுக்கு மீசை வந்திருக்கும், தொடை இறுகியிருக்கும். மற்றவன் இன்னும் பள்ளிக்கூடப் பையனாகவே இருப்பான். முதல் வருஷம் கடைசியில் வந்தால் "இவனுக்குச் சரிவராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டாவது ஜூனியர் வருஷத்தில்தான் டிசம்பர் பிள்ளையின் உண்மையான கால் தெரியும். முன்னால் போகிறவரைவிட மிகவும் பிந்திவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். 80 சதவீத விதி என்று அதற்குப் பெயர். அழுதுகொண்டு வந்து நிற்பார்கள் பிள்ளைகள். அது தகுதி நீக்கம் இல்லை, முடிவுப் பட்டியலில் பெயரும் இடமும் இருக்கும் என்று இப்போதே அவனிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்தது லைசன்ஸ். யூசிஐ லைசன்ஸ் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைதான் செல்லும். நவம்பரில் அவசரப்படுத்தி எடுத்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் அது வெறும் அட்டை. அதை வழங்குவது அந்தந்த நாட்டுச் சம்மேளனம், இங்கே இலங்கை சைக்கிளோட்டச் சம்மேளனம். நடுவில் ஒருவர் நின்று "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்றால், அந்த ஆளுக்கும் சேர்த்து நீங்கள்தான் காசு கட்டப்போகிறீர்கள்.

லைசன்சைவிடப் பெரிய தலைவலி ஒன்று வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. தம்பியின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பாடசாலைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு இந்த மூன்றிலும் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். சிங்களத்தில் பதிந்ததைத் தமிழாக்கும்போது ஓர் எழுத்து காணாமல் போயிருக்கும். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஆனால் இன்றும் சில கவுண்டர்களில் சிங்களப் படிவத்தைத்தான் நீட்டுகிறார்கள். கேட்டால் "தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது" என்பார்கள். என்றைக்குத்தான் இருந்ததோ தெரியவில்லை. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்குக் கொடுங்கள். இதற்கும் வாசலில் புரோக்கர் நிற்பார், நேரே உள்ளே போங்கள். பதில் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து மேசையில் கிடக்கக்கூடும். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

இப்போது அந்த 180,000 ரூபாய்ச் சைக்கிள். பழக்குகிறவரே வியாபாரியாகவும் இருந்தால் அவர் கண் தம்பியின் காலில் இருக்காது, உங்கள் சம்பளத்தில்தான் இருக்கும். சைக்கிளை நான் பார்க்கவில்லை, அதனால் மோசம் என்றும் சொல்லமாட்டேன். தம்பியை ஒரு போனோடு அனுப்பி மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜப்பானில் மவுண்டன் பைக் மாதிரி தோற்றம் மட்டும் கொடுத்து, டவுனில் ஓட்டுவதற்கென்றே செய்யும் மலிவுச் சைக்கிள்கள் ஏராளம். தடித்த டயர், முன்னால் சஸ்பென்ஷன், பார்த்தால் ராஜா மாதிரி இருக்கும். பிரேமில் ஜப்பான் எழுத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். போன் கமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள்: கரடுமுரடான பாதையில் ஓட்டாதீர்கள் என்று போட்டிருக்கும். செய்தவனே வேண்டாம் என்று எழுதி ஒட்டியதை இங்கே ரேஸ் சைக்கிள் என்று விற்கிறார்கள். ஸ்டிக்கரைச் சுரண்டிய அடையாளம் இருந்தாலும் திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஹேண்டில் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் வெல்டிங். அதன் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு ஓடினால் விலை பேசவே வேண்டாம். மேலே புதுப் பெயிண்ட் என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது செயின். மேசன் பாஸ் யாரிடமாவது இரும்பு டேப் வாங்கி, ஓர் ஊசியின் நடுவில் இருந்து 24 கண்ணி தள்ளியுள்ள ஊசியின் நடு வரை அளக்கட்டும். 30.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 30.8 வந்தால் செயின் போய்விட்டது, அதோடு ஓடிய பற்சக்கரங்களும் போய்விட்டன என்று அர்த்தம். அதை மாற்றும் செலவு 180,000க்கு மேல் தனியாக வரும்.

"வளர்கிற பையன்தானே" என்று பெரிய சைஸ் வாங்குவதும் வேண்டாம். இறக்கத்தில் கட்டுப்படுத்த முடியாது.

சரி, அப்போ தம்பி எதில் ஓட்டுவது? இப்போது வீட்டில் இருக்கும் சைக்கிளிலேயே முதல் ஆறு மாதம் பழகட்டும். ஏற்ற இறக்கப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் ஜூனியருக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். அதில் பெரும்பகுதி ஏற்றத்தில் மூச்சு வாங்குவதுதான். அதைப் பழகத் தோட்டத்துப் பாதையை விட நல்ல இடம் எங்கே இருக்கிறது! துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கொழுந்து லொறி ஓடாத நேரமாகப் பார்த்து ஏறட்டும். இறங்கும்போதுதான் கவனம். குறுக்கே வெட்டிய கான் திடீரென்று வரும், மழை பெய்தால் அந்தச் சிவப்பு மண் சவர்க்காரம்தான். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் கொதித்து, பிறகு பிடிக்கவே பிடிக்காது. வளைவுக்கு முன்னால் பலமாகப் பிடித்து வேகம் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஹெல்மட்டில் செலவழியுங்கள். உள்ளே ஈஎன் 1078 என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தர எண் இருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியே தெரியாது, மாற்றத்தான் வேண்டும். பழைய ஹெல்மட் வாங்கவே கூடாது. பிரேக் எண்ணெய் வகையென்றால் எந்த எண்ணெய் என்று பார்க்காமல் த்ரீவீல் பாஸிடம் கொண்டுபோய் வாகன பிரேக் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் எண்ணெய்தான். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போகும்.

விழுவான், அது நிச்சயம். தலையில் அடிபட்டால் "ஒன்றும் இல்லை" என்று அவனே சொன்னாலும் அன்றைக்குத் திரும்ப ஏறக்கூடாது, டொக்டரிடம் காட்ட வேண்டும். கையை ஊன்றி விழுந்து பெருவிரலின் அடிப்பக்கம் நொந்தால், முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். வலி குறையாவிட்டால் பத்து, பதினான்கு நாளில் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

யுனிவர்சிட்டி கதை பாதி உண்மை. விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு விசேட அனுமதி இருக்கிறது. ஆனால் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமை வேண்டும். யாரோ நடத்திய ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தின் சான்றிதழ் அதற்கு உதவாது. அப்படிச் சான்றிதழை விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

கொடுத்த 15,000 பற்றி: போனில் பேசாதீர்கள். எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதி, திருப்பித் தரும்படி ஒரு மெசேஜ் அனுப்புங்கள். அவர் என்ன பதில் போட்டாலும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் பொலிசில் ஒரு முறைப்பாடு போடலாம், அவர்கள் பெரும்பாலும், சின்னத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள். அங்கே வக்கீல் வைக்கத் தேவையில்லை. அந்த மெசேஜையும், காசு கொடுத்ததைப் பார்த்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால் போதும்.