பணம் அக்கா பெயரில், மெசேஜ் மகன் போனில்

'வளரும் நாடுகளில் மொபைல் பணமும் டிஜிட்டல் கரன்சியும் ஏழைகளுக்கு உண்மையிலேயே உதவுகின்றனவா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவுகின்றன. ஆனால் போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கைரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் மிஷினும் உண்டு.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரத் தொடங்கியதிலிருந்து மாத நடுவில் கடையில் பெண்கள் கூட்டம்தான். கணக்கு அவர்கள் பெயரில் இருக்கும். மெசேஜ் மட்டும் மகன் நம்பருக்கோ வீட்டுக்காரர் நம்பருக்கோ போகும். கணக்குத் தொடங்கிய நாளில் அவர்களிடம் போன் இல்லை. "தம்பி, பணம் ஏறிடுச்சான்னு பாருப்பா" என்று ஓர் அக்கா கட்டைவிரலை நீட்டுவார். நடவு நட்டு நட்டு ரேகையே தேய்ந்துபோன விரல். முந்தானையில் துடைத்து அழுத்துவார், மிஷின் எடுக்காது. மறுபடி வைப்பார், எடுக்காது. நடுவிரலை வைத்தால் சில நாள் எடுக்கும். எடுக்காத நாளில் அவர் பேசாமல் திரும்பிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது.

கென்யாவில் 2007-இல் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை தொடங்கியபோது பேங்க் கணக்கும் கேட்கவில்லை, டச் போனும் கேட்கவில்லை. பட்டன் போனில் போடும் சிம்மே கணக்கு. பெட்டிக்கடையில் காசைக் கொடுத்தால் போனில் ஏறும். நைரோபியில் வேலை செய்யும் மகன் அனுப்பினால், ஊரில் இருக்கும் அம்மா பக்கத்துக் கடையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். மெசேஜ் அவர் போனுக்கே வரும். அங்கே பணம் எடுக்கக் கட்டணம் உண்டு என்பது குறைதான். நம் யுபிஐயில் கீரை விற்கும் அம்மாவுக்கு 20 ரூபாய் அனுப்ப ஒரு பைசா பிடிப்பதில்லை. பட்டன் போனுக்கும் 2022-இல் யுபிஐ 123பே வந்தது. ஆனால் அதைக் கேட்டு என் கடைக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை.

அப்புறம் டிஜிட்டல் ரூபாய். 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான சோதனை தொடங்கியது. நோட்டைப் போலவே ரிசர்வ் வங்கி நேரடியாகப் பொறுப்பேற்கும் பணம் அது. நெட் இல்லாமலும் கைமாற வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. எனக்கு அதுதான் முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு இங்கே பல நாள் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. அரிசிப் பானையில் போட்டுவைத்த நோட்டுதான் அன்றைக்கு மெழுகுவத்தியும் பால் பவுடரும் வாங்கித் தந்தது.

அந்த அக்காவை பேங்குக்கு அழைத்துப்போய் நம்பரை மாற்றினோம். இந்த மாதம் பட்டன் போனை நீட்டிப் படிக்கச் சொன்னார். மெசேஜ் முழுக்க இங்கிலீஷ். படித்துச் சொன்னேன். 1,000 என்பது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனார்.