வாந்திக்கு மருந்து கேட்டீர்கள். மடியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்

கேள்வி: மே மாத விடுமுறையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் போகிறோம். சொந்தக் கார், கணவர் ஓட்டுவார். மகளுக்கு ஐந்து வயது. மாமல்லபுரம் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிடுவாள். மகனுக்குப் பத்து மாதம். அவனை என் மடியில் வைத்துக்கொள்வேன், அதனால் அவனைப் பற்றிக் கவலையில்லை. அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி ஒரே மூச்சில் ராமேஸ்வரம் போய்விடலாம், திரும்பும்போது வேளாங்கண்ணி, புதுச்சேரி பார்க்கலாம் என்கிறார் கணவர். வாந்திக்கு என்ன மருந்து கொடுக்கலாம்? சளி மருந்து கொடுத்தால் இரண்டும் தூங்கிவிடும் என்கிறார் மாமியார். குழந்தைகளைக் கடலில் குளிக்க வைக்கலாமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது மகளின் வாந்தி அல்ல. "மடியில் வைத்துக்கொள்வேன், அதனால் கவலையில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி நின்றால், உள்ளே இருக்கும் குழந்தையின் உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். அந்த நொடியில் ஒன்பது கிலோ குழந்தை பல மடங்கு எடை கொண்டதைப் போல இழுக்கும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. இது பாசத்துக்கும் பலத்துக்கும் கட்டுப்படாத கணக்கு. நீங்கள் பெல்ட் போடாமல் இருந்தால் உங்கள் உடலே குழந்தையை நசுக்கும். இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டால் அது குழந்தையின் வயிற்றை அழுத்திக் கிழிக்கும். ஆகவே பின்சீட்டில், வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் குழந்தை சீட் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். குறைந்தது இரண்டு வயதுவரை அப்படித்தான் உட்கார வைக்க வேண்டும். காற்றுப்பை உள்ள முன்சீட்டில் அதைப் பொருத்தவே கூடாது. பாலூட்ட வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஊட்டுங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்கிறது. சாலையில் யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி மகளுக்கு வருவோம். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, வண்டி வளைவதையும் பிரேக் போடுவதையும் உணர்ந்து மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண்ணோ கைப்பேசித் திரையில் நிற்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டுப் பேச, மூளை குழம்பிக் குமட்டுகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயதுவரை இது மிகச் சாதாரணம். ஐந்து வயதுக் குழந்தை சாதாரண சீட்டில் உட்கார்ந்தால் அதன் கண்ணுக்குத் தெரிவது முன்சீட்டின் முதுகு மட்டுமே. கைப்பேசி கொடுக்காவிட்டாலும் குமட்டுவது அதனால்தான். அவளுக்கும் உயர்த்தி உட்கார வைக்கும் சீட் ஒன்று போடுங்கள். பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளில் சரியாகப் படியும். கூடவே முன்கண்ணாடி வழியே தூரத்துச் சாலையும் தெரியும். பாதுகாப்புக்காக வாங்குவதே வாந்திக்கும் பாதி மருந்தாகிவிடும்.

கைப்பேசியும் படப் புத்தகமும் வண்டி நின்ற பிறகுதான். உப்பளம் எங்கே, பனைமரம் எத்தனை, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். கண் தானாக வெளியே போகும். ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். வாசனைத் திரவியப் புட்டியைக் காரிலிருந்து எடுத்துவிடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், புறப்படும் நேரத்தில் ஒரு டம்ளர் பாலும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஓர் இட்லி போதும். எலுமிச்சம்பழத்தை முகர்வது உதவுகிறதா என்று பலர் கேட்கிறார்கள். கெடுதல் இல்லை, கையில் பிடித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாந்தி வந்தால் மருந்து. வயிற்றுப்போக்குடன் வரும் வாந்திக்காக வீட்டில் வைத்திருக்கும் ஒண்டான்செட்ரான், டோம்பெரிடோன் மருந்துகள் பயண வாந்திக்குப் பலன் தருவதில்லை. அந்தக் குமட்டல் பிறக்கும் வழியே வேறு. புரோமெத்தசின் போன்ற மருந்தை உங்கள் மருத்துவர் மகளின் எடை பார்த்து எழுதித் தருவார். புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். இரண்டு வயதுக்குக் கீழே இந்த மருந்து கூடவே கூடாது, மூச்சையே மந்தமாக்கிவிடும்.

உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: சளி மருந்து தூக்க மருந்து அல்ல. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. கைக்குழந்தை அழுதால் அழட்டும். அழும் குழந்தை மூச்சு விடுகிறது என்பதாவது நமக்குத் தெரியும்.

பயண வாந்திக்கு ஓர் அடையாளம் உண்டு. வண்டி நின்று, குழந்தை இறங்கி நடந்தால் சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும். அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்தும் தொடர்ந்தால் காரைக் குற்றம் சொல்லாதீர்கள். பத்து மாதக் குழந்தைக்குப் பயண வாந்தி வருவதே அரிது என்பதால் அவன் வாந்தி எடுத்தால் வேறு காரணம்தான் தேட வேண்டும். பெரும்பாலும் சாப்பாடுதான். சூட்டோடு டப்பாவில் அடைத்து வெயிலில் நிற்கும் காரில் வைத்த சோற்றில், கொதியிலும் சாகாத ஒரு கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். நம் பாட்டிகள் கட்டிக் கொடுத்த புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தாக்குப்பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. தேங்காய்ச் சட்னியை மட்டும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல். உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்கி, அதில் சொன்ன அளவு தண்ணீரிலேயே கரையுங்கள். வண்ண அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் வேறு. அவற்றில் சர்க்கரை அதிகம், வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ஆறு எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, எழுப்பினாலும் கண் சொருகினாலோ வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி யோசிக்காதீர்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்.

உங்கள் கணவரின் திட்டத்துக்கு என் ஓட்டு இல்லை. 500 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு சிறு குழந்தைகளுடன், அக்னி நட்சத்திரத்தில், அதிகாலை 3 மணித் தூக்கக் கண்ணோடு! முதல் நாள் புதுச்சேரி, சுமார் 150 கிலோமீட்டர்தான். மறுநாள் வேளாங்கண்ணி. மூன்றாம் நாள் ராமேஸ்வரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இருவரையும் இறக்கிவிடுங்கள். டீ வாங்கிவர ஐந்து நிமிடம்தானே என்று தூங்கும் குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி ஏறிவிடும். குழந்தையின் உடலோ நம்முடையதைவிட வேகமாகச் சூடேறும்.

கடலில் மகனுக்குக் குளியல் வேண்டாம். மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஈர மணலில் கால் நனைத்தால் போதும். மகள் முழங்கால் அளவுக்கு, உங்கள் கை எட்டும் தூரத்தில். அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கே போகாதீர்கள். கரைக்கு வந்த நீர் உள்ளே திரும்பும் பாதை அது. பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போய்விடும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடல் குளம்போல் இருக்கும். அதை நம்பி தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்கிவிடாதீர்கள். அங்கே கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீரில் கழுவுவதும் ஒட்டியிருக்கும் நஞ்சுப் பைகளை வெடிக்க வைக்கும். கடல் நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை அட்டையாலோ குச்சியாலோ எடுத்துவிட்டு, உங்கள் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம் இருபது நிமிடம் கொடுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனை.

பையில் கரைசல் பொட்டலங்கள், காய்ச்சலுக்கான பாராசிட்டமால், மூடியுள்ள ஒரு பழைய டப்பா, இரண்டு துண்டுகள், மகளுக்கு மாற்றுடை. டப்பாவை டிக்கியில் வைக்காதீர்கள், காலடியில் வையுங்கள். "அம்மா, என்னவோ பண்ணுது" என்று அவள் சொல்வதற்கும் வாந்திக்கும் இடையே உங்களுக்குக் கிடைப்பது பத்து நொடிதான்.