குட்டியா, தனி இனமா? புதைபடிவக் கேள்வி பதில்

இந்தச் சுற்றில் வந்த கேள்விகளில் பாதி நானோடைரனஸ் என்ற சிறிய டைனோசர் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: டி. ரெக்ஸின் குட்டி என்று சொல்லிவந்த விலங்கு தனி இனம் என்று முடிவாகிவிட்டதாமே? இவ்வளவு காலம் எப்படிக் குழம்பினார்கள்?

குழம்பியதில் நியாயம் இருந்தது. 1942இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு சிறிய மண்டையோடு கிடைத்தது. முதலில் அதை கோர்கோசாரஸ் என்ற வேறொரு டைனோசர் என்றார்கள். 1988இல் அதற்கு நானோடைரனஸ் என்ற பெயர் வந்தது. ஆனால் அதே பாறை அடுக்குகளில் டி. ரெக்ஸும் கிடைக்கிறது, டி. ரெக்ஸ் குட்டிகளோ அபூர்வம். 'இதுதான் அந்தக் குட்டி' என்று பலர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. 2020இல் இதே வகை என்று கருதப்பட்ட 'ஜேன்' என்ற எலும்புக்கூட்டின் கால் எலும்பை ஆராய்ந்தபோது, அது சாகும்போது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. குட்டிக் கட்சிக்கு அது பெரிய பலம்.

2025 அக்டோபரில் தொல்லுயிர் ஆய்வாளர்கள் லிண்ட்சே ஸானோவும் ஜேம்ஸ் நாப்போலியும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. டிரைசெராடாப்ஸ் என்ற மூன்று கொம்பு டைனோசர் ஒன்றோடு சேர்ந்தே புதைந்து கிடைத்த ஓர் எலும்புக்கூட்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கை கால் எலும்புகளை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஆண்டு வளையங்கள் தெரியும். இளம் வயதில் வளையங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கும், வளர்ச்சி நிற்கும்போது விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இந்த விலங்கில் அப்படித்தான் நிற்கின்றன. வயது சுமார் 20, எடை சுமார் 700 கிலோ. அதற்கு மேல் வளர அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

என்னை முழுதாக ஒப்புக்கொள்ள வைத்தது வளையம் அல்ல, கை. இந்தச் சின்ன விலங்கின் கை, முழு வளர்ச்சி அடைந்த டி. ரெக்ஸின் கையைவிடப் பெரியது. குட்டிக்கு வயது ஏற ஏறக் கை எலும்பு சுருங்குமா என்ன? வாலில் உள்ள முதுகெலும்புகளின் எண்ணிக்கையும் வேறு. அது கருவிலேயே முடிவாகிவிடும் விஷயம், வளர்ந்தபிறகு மாறாது.

கேள்வி: அப்படியானால் ஜேன்?

அதே ஆய்வு ஜேனை நானோடைரனஸ் லெத்தேயஸ் என்ற இன்னொரு இனத்தில் சேர்க்கிறது. வளர்ந்துகொண்டிருந்த விலங்கு என்ற பழைய முடிவில் தவறில்லை, யாருடைய குட்டி என்பதுதான் மாறியிருக்கிறது. தலைவலி என்னவென்றால், டி. ரெக்ஸ் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்ற கணக்குகள் பலவற்றில் ஜேனும் உண்டு. அவற்றைத் திரும்பப் போட்டாக வேண்டும்.

கேள்வி: வாசுகி இண்டிகஸ் பாம்பின் எலும்புகளை 2005இல் எடுத்துவிட்டு 2024இல்தான் அறிவித்தார்கள். நடுவில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இந்தத் துறையில் இது சாதாரணம். குஜராத்தின் கச்சுப் பகுதியில், பனந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் எடுத்த 27 முதுகெலும்புகள் அவை. அளவைப் பார்த்து முதலில் முதலை என்று நினைத்தார்கள். பாறையை நீக்கிச் சுத்தம் செய்து ஒப்பிட்டபோதுதான் பாம்பு என்று தெரிந்தது. 4 கோடியே 70 லட்சம் ஆண்டு பழமை, நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. முழு உடல் கிடைக்கவில்லை என்பதால்தான் இவ்வளவு பெரிய இடைவெளி. செய்திகளில் 15ஐ மட்டும் போட்டுவிட்டார்கள்!

பாறையை நீக்குவது என்றால் சுத்தியல் வேலை இல்லை. கனடாவில் 2011இல் ஒரு சுரங்கத்தில் கிடைத்த போரியலோபெல்டா என்ற கவச டைனோசரை வெளிக்கொண்டுவர மார்க் மிட்செல் என்பவர் சுமார் 7,000 மணி நேரம் உட்கார்ந்தார். தோலும் கவசமும் அப்படியே இருந்ததால் ஊசிமுனைக் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக முடியும். அந்த இனத்தின் பெயரின் பின்பாதி அவர் பெயர்தான்: மார்க்மிட்செல்லி. ஆய்வுக் கட்டுரையில் கடைசி வரி நன்றியோடு முடிந்துபோகிற ஒரு தொழிலுக்கு இது நல்ல மரியாதை.

கேள்வி: டைனோசர் டிஎன்ஏ கிடைக்க வாய்ப்பே இல்லையா?

இல்லை. நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்த மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012இல் போட்ட கணக்குப்படி, 521 ஆண்டுகளில் டிஎன்ஏ பிணைப்புகளில் பாதி அறுந்துவிடும். குளிரில் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும். இதுவரை படித்ததில் மிகப் பழையது வட கிரீன்லாந்து மண்ணிலிருந்து எடுத்தது, சுமார் 20 லட்சம் ஆண்டு. பறவைகள் அல்லாத டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன்.

புரதம் வேறு கதை. கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கிடைத்த காண்டாமிருகப் பல்லின் எனாமலிலிருந்து 2 கோடி ஆண்டுக்கும் பழைய புரதத்தை 2025இல் படித்திருக்கிறார்கள். டிஎன்ஏவைவிட இதன் பக்கம்தான் என் ஆர்வம்.

'அழிந்துபோன டயர் ஓநாய் திரும்பிவிட்டது' என்ற செய்தியையும் இருவர் கேட்டிருந்தார்கள். சாம்பல் ஓநாயின் மரபணுத் தொகுதியில் 20 இடங்களைத் திருத்தியிருக்கிறார்கள். திறமையான வேலைதான், ஆனால் பிறந்தது சாம்பல் ஓநாய்.

கேள்வி: 'டிராகன் மனிதன்' யார் என்று தெரிந்துவிட்டதா?

தெரிந்துவிட்டது, டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித வகை. 1933இல் சீனாவின் ஹார்பினில் பாலம் கட்டும்போது ஒரு தொழிலாளிக்கு மண்டையோடு கிடைத்ததாகவும், அதை அவர் பாழுங்கிணற்றில் ஒளித்துவைத்துச் சாகும் தறுவாயில் குடும்பத்தாரிடம் சொன்னதாகவும் சொல்கிறார்கள். 2018இல்தான் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. வயது குறைந்தது 1,46,000 ஆண்டு.

டெனிசோவன்களை நாம் அறிந்ததே தலைகீழாக. சைபீரியக் குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்புத் துண்டின் டிஎன்ஏதான் 2010இல் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. மரபணு இருந்தது, முகம் இல்லை. 2025இல் ஃபூ சியாவ்மெய் குழு ஹார்பின் மண்டையோட்டில் டிஎன்ஏ தேடியது. எலும்பிலும் பல்லிலும் கிடைக்கவில்லை. பல்லில் படிந்து கெட்டியான காறையைச் சுரண்டிப் பார்த்தபோது அகப்பட்டது. பல் துலக்காததால் அறிவியலுக்கு இப்படியும் ஒரு லாபம்.

கேள்வி: டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்தது வசந்த காலத்தில் என்கிறார்களே, மாதம்வரை எப்படிச் சொல்கிறார்கள்?

மாதம் சொல்லவில்லை, பருவம்தான். வட டகோட்டாவின் டானிஸ் என்ற இடத்தில் அந்த நாளில் புதைந்த மீன்கள் கிடைத்தன. மோதலில் உருகித் தெறித்த கண்ணாடித் துளிகள் அவற்றின் செவுள்களில் சிக்கியிருக்கின்றன, அதற்கு உள்ளே போகவில்லை. விழுங்கக்கூட அவகாசம் இல்லாமல் செத்திருக்கின்றன. மீன் எலும்பிலும் பருவ வளையம் உண்டு. குளிர்காலக் கோடு தாண்டி, வளர்ச்சி மறுபடி ஆரம்பித்த கட்டத்தில் எலும்பு நின்றுவிட்டது. ஆக, வட கோளத்தில் வசந்தம், தென் கோளத்தில் இலையுதிர் காலம்.

கேள்வி: டைனோசர் படங்களின் நிறமெல்லாம் கற்பனைதானே?

பெரும்பாலும் ஆமாம், சிலவற்றுக்கு மட்டும் ஆதாரம் உண்டு. இறகில் நிறமியைச் சுமக்கும் நுண்துகள்கள் தப்பியிருந்தால், நீண்டவை கறுப்புக்கும் உருண்டையானவை செம்பழுப்புக்கும் சாட்சி. சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவது 2010இல் இப்படித்தான் தெரிந்தது. பளபளக்கும் பச்சை டைனோசரைக் கண்டால் ஓவியரைக் கேளுங்கள்.

கேள்வி: போலிப் புதைபடிவம் அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருக்குமா?

இருந்திருக்கிறது. இத்தாலிய ஆல்ப்ஸில் 1931இல் கிடைத்த டிரைடென்டினோசாரஸ், தோலோடு தப்பிய 28 கோடி ஆண்டுப் பல்லி போன்ற விலங்கு என்று புகழ்பெற்றது. 2024இல் புற ஊதா ஒளியில் பார்த்ததும் உடல் முழுக்க ஒரே மாதிரி ஒளிர்ந்தது. 'தோல்' என்பது பாறையைச் செதுக்கிப் பூசிய கறுப்புப் பூச்சு. பின்னங்கால் எலும்புகளும் முதுகின் சில செதில்களும் மட்டும் அசல்.

கேள்வி: முட்டை வடிவக் கல் ஒன்று கிடைத்தது. டைனோசர் முட்டையா என்று எப்படிப் பார்ப்பது?

படம் அனுப்பியதற்கு நன்றி. இது கனிமத் திரட்சி. மண்ணுக்குள் ஒரு சிறு பொருளைச் சுற்றிக் கனிமம் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருண்டையாகும். வந்த 'முட்டை'ப் படங்கள் எல்லாமே இப்படித்தான். உண்மையான முட்டையென்றால் வெளியே சில மில்லிமீட்டர் தடிமனில் தனி ஓடு தெரியும், பெரும்பாலும் விரிசல் விட்டிருக்கும். உருப்பெருக்கியில் ஓட்டின் மேல் மூச்சுத்துளைகளோ சிறு புடைப்புகளோ தென்படும். உங்கள் கல்லில் ஓடே இல்லை.

இனி ஏதாவது கிடைத்தால் உடைத்துப் பார்க்காதீர்கள், எடுக்கவும் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், சுற்றியுள்ள பாறையும் படத்தில் வரட்டும், இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத எலும்பின் வயதைச் சொல்வது பெரும்பாடு. ஆஸ்திரேலியாவில் 35 கோடி ஆண்டுப் பழைய நகத் தடங்களைக் கண்டெடுத்தவர்கள் தொழில்முறை ஆய்வாளர்கள் இல்லை, ஆர்வலர்கள். ஊர்வன போன்ற விலங்குகளின் வரலாறு அந்த ஒரு பலகைக் கல்லால் மூன்றரைக் கோடி ஆண்டு பின்னுக்குப் போனது.