எட்வர்ட் வாட்ஸ்வொர்த்: கடல் சாமான்களின் ஓவியர் (கேள்வி பதில்)

கேள்வி: யார் சார் இவர்? பெயரே கேள்விப்பட்டதில்லை.

பதில்: 1889இல் யார்க்‌ஷயரின் கிளெக்ஹீட்டனில் பிறந்தவர். அப்பா நூற்பாலை முதலாளி. எஞ்சினியரிங் படிக்க ம்யூனிக் போன பையன் அங்கே ஓவியப் பள்ளியில் போய் உட்கார்ந்துகொண்டான். பிறகு லண்டனில் ஸ்லேடு ஓவியப் பள்ளி, கூர்கோணங்களும் இயந்திர வடிவங்களுமாக வரைந்த வோர்ட்டிசிஸ்டுகள் சகவாசம், முதல் உலகப் போரில் கடற்படை. 1920களிலிருந்து சங்கு, கயிறு, மிதவை, நட்சத்திர மீன் எல்லாவற்றையும் கடலோரத்தில் பரப்பி வைத்து வரைந்தார். 1949இல் லண்டனில் இறந்தார்.

கேள்வி: கப்பல்களுக்கு வரிக்குதிரை மாதிரி பெயின்ட் அடிக்கும் டேசில் முறையைக் கண்டுபிடித்தவர் இவர்தானே?

பதில்: இல்லை. அந்தத் திட்டத்தை 1917இல் முன்வைத்து நடத்தியவர் நார்மன் வில்கின்சன் என்ற இன்னொரு ஓவியர். வாட்ஸ்வொர்த் லிவர்பூல், பிரிஸ்டல் துறைகளில் பூச்சு வேலையை மேற்பார்த்தவர். அதைப் பின்னர் 10 அடி உயரப் படமாக வரைந்தார். 1919இல் வரைந்த அந்தப் படம் கனடாவில், ஒட்டாவா தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

கேள்வி: படங்கள் வெளிறிப்போய், போஸ்டர் மாதிரி தட்டையாகத் தெரிகின்றனவே?

பதில்: மொபைலில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மொபைலில் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். இவர் டெம்பரா வண்ணத்தில் வரைந்தவர். அதன் உயிரே மெல்லிய கோடுகளில்தான் இருக்கிறது, திரை முதலில் தின்பது அதைத்தான்.

கேள்வி: டெம்பரா என்றால் என்ன? வீட்டில் செய்யலாமா?

பதில்: இப்படிக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்கிறேன். முட்டையின் வெள்ளைக்கருவை வடித்துவிட்டு, மஞ்சள் கருவை உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்கு மாற்றி ஈரம் போக்க வேண்டும். அதன் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, அடியில் குத்தினால் கரு மட்டும் கிண்ணத்தில் இறங்கும். தோல் கையோடு நின்றுவிடும். கொஞ்சம் தண்ணீர், தண்ணீரில் அரைத்த வண்ணப்பொடி, அவ்வளவுதான். அடித்தளம் மரப்பலகையாக இருக்கட்டும், அல்லது பலகைமேல் ஒட்டிய துணி. சும்மா இழுத்துக் கட்டிய கான்வாஸில் பூசினால் துணி ஆடும், டெம்பரா ஆடாது, விரிசல் விடும். பலகைமேல் சுண்ணப்பொடியும் தோல்பசையும் கலந்த ஜெஸ்ஸோவைப் பல பூச்சுகள் பூசி, தந்தம்போல வழவழப்பாகும்வரை தேயுங்கள்.

வண்ணம் சில நொடிகளில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம்போல ஈரத்தோடு ஈரம் குழைக்க முடியாது. நிழல் வேண்டுமென்றால் பொடிக்கோடுகளை அடுக்க வேண்டும். அதனால்தான் வாட்ஸ்வொர்த் வரைந்த சங்கின் விளிம்பு கத்தி வெட்டியதுபோல் நிற்கிறது, மங்கல் என்பதே கிடையாது. இங்கிலாந்தில் இந்த முறைக்கு மறுவாழ்வு தந்தவர்களில் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் முக்கியமானவர். சென்னினோ சென்னினியின் பழைய இத்தாலியக் கைநூலை 1899இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பிறகு அஜந்தா வந்து குகை ஓவியங்களைப் பிரதியெடுத்தவரும் அதே அம்மையார்தான்.

ஒரு எச்சரிக்கை: காட்மியம், ஈயம் உள்ள பொடிகள் விஷம். சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

கேள்வி: சங்கு எதன் குறியீடு? பெண்மையா, மரணமா?

பதில்: சங்கு.

கேள்வி: டேசில் இவர் கண்டுபிடிப்புதானே சார்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: இவரைக் கனவுக்காட்சிபோல வரையும் சர்ரியலிஸ்ட் என்று சொல்லலாமா?

பதில்: பாதிப்பு உண்டு, கட்சிக்காரர் அல்ல. இத்தாலிய ஓவியர் டி கிரிக்கோவின் ஆளற்ற சதுக்கங்களையும் பிரெஞ்சு ஓவியர் பியேர் ருவாவின் பொருள் அடுக்குகளையும் பார்த்துப் பழகிய கண் அது. ஆனால் டாலி வரைந்ததுபோல உருகும் கடிகாரம் எதுவும் இவரிடம் கிடையாது. எல்லாம் துறைமுகத்தில் கிடைக்கும் நிஜச் சாமான். 1940இல் வரைந்த ‘வெண்கல பாலே’யில் கப்பலின் உந்துவிசிறிகள் கரையில் நிற்கின்றன, வேறொன்றுமில்லை. அளவுக்கு மீறிய தெளிவே பயமுறுத்துகிறது. இடையில் 1930களின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் முழு அரூபத்துக்குப் போய்த் திரும்பினார். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்காது.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். கப்பல் பூச்சும், சங்கு கயிறு அடுக்கி வரையும் ஸ்டில் லைஃபும் ஒரே வேலைதான். இரண்டுமே கண்ணை ஏமாற்றுகின்றன.

பதில்: டேசில் விளிம்பை உடைக்கிறது. ஸ்டில் லைஃப் ஒவ்வொரு விளிம்பையும் கையில் கொடுக்கிறது. நேர் எதிர்.

கேள்வி: விளிம்பை விடுங்கள், தூரத்தைப் பாருங்கள். டேசில் கப்பலை மறைக்கவில்லை. எந்தத் திசையில், என்ன வேகத்தில், எவ்வளவு தூரத்தில் போகிறது என்று நீர்மூழ்கிக்காரன் கணக்குப் போட முடியாமல் செய்தது. இவர் படத்திலும் முன்னால் கிடக்கும் சங்கு பின்னால் நிற்கும் பாய்மரத்தைவிடப் பெரிசு. நடுவில் எத்தனை கஜம் என்று சொல்லுங்களேன்?

பதில்: சொல்ல முடியாதுதான். மேசைக்கும் தொடுவானத்துக்கும் இடையே நடுத்தளமே வைக்க மாட்டார். நல்ல அடி. ஆனாலும் நோக்கம் வேறு. டேசிலில் ஏமாறுகிறவன் டார்பிடோவைத் தவறாகக் குறிவைக்கிறான். இங்கே ஏமாறுகிறவன் நின்று திரும்பப் பார்க்கிறான்.

கேள்வி: நோக்கம் எதுவானாலும் கண் ஒன்றுதானே! லிவர்பூலில் கற்ற கண்.

பதில்: லிவர்பூலுக்கு முன்பே வோர்ட்டிசிஸ்டாக, கூர்கூராக மரச்செதுக்குப் படங்கள் போட்டவர் அவர். கண்ணைக் கப்பல் தரவில்லை, இவர்தான் கப்பலுக்குக் கொண்டுபோனார். இன்னும் சண்டை வேண்டுமென்றால் தனியாக வாருங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மொபைலில் பார்த்தேன், கொஞ்சம் டல்லாக...

பதில்: அம்மா!

கேள்வி: டேசிலைக் கண்டுபிடித்த...

பதில்: வில்கின்சன். வில்கின்சன். வில்கின்சன்.

கேள்வி: முட்டை நாறாதா சார்?

பதில்: காய்ந்த படம் நாறாது. கிண்ணத்தில் மிஞ்சியது நாறும், அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். அந்தக் கிண்ணம் அடுக்களைக்குத் திரும்பக் கூடாது.