மாந்தோப்பில் கிடைத்த கல்: கற்கருவியா, வெறும் கல்லா?

கேள்வி: ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது, இரண்டடி ஆழத்தில், செம்மண் சரளைக்குள் ஒரு பழுப்பு நிறக் கல் கிடைத்தது. நீர்த்துளி மாதிரி ஒரு முனை கூர்மை, மறுமுனை உருண்டை. கம்பிப் பிரஷ் போட்டுக் கழுவி, பளபளப்புக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். இது கற்கால ஆயுதமா? எத்தனை வருடம் பழசு? யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்களா?

பதில்: உங்கள் ஊரை வைத்துப் பார்த்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கொசஸ்தலையாற்றுப் படுகை உங்களுக்குப் பக்கத்தில்தான். அல்லிக்குழி மலைப் பகுதியின் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருவான கடினக் கல்) கூழாங்கற்கள்தான் இங்கே கருவி செய்தவர்களுக்கு மூலப்பொருள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இரு முகமும் செதுக்கிய, பிடியில்லாத கற்கருவியான கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் உங்கள் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் அதே வகைக் கருவிகளைப் பார்த்தார். ஆனால் அந்தச் சரளையில் யாரும் கை வைக்காத கற்களும் குவிந்து கிடக்கின்றன. அதனால் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் எண்ணெயைப் போக்குங்கள். மிதமான சோப்பு நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் போதும். அமிலம், பிளீச்சிங் பவுடர், வார்னிஷ் எதுவும் வேண்டாம். எண்ணெய் நிறத்தை ஒரே மாதிரி கருமையாக்கி, பழைய உடைப்புக்கும் புதிய உடைப்புக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துவிடும். கம்பிப் பிரஷ் இன்னும் மோசம்: அது விட்டுப் போகும் இரும்புக் கீற்றுகள், பயன்படுத்தித் தேய்ந்த தடம் போலவே கண்ணுக்குத் தெரியும்.

இனி இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பார்க்க வேண்டியவை செதில் வடுக்கள், அதாவது சில்லு கழன்ற இடத்தில் இருக்கும் குழிவான தடங்கள். ஒவ்வொரு வடுவும் கல்லின் ஓரத்தில் ஓர் இடத்தில் தொடங்கும். அடி விழுந்த அந்த இடத்துக்குக் கீழே சற்று ஆழமான குழிவு இருக்கும். அங்கிருந்து குளத்தில் கல் போட்டால் பரவும் அலை மாதிரி மெல்லிய வளைகோடுகள் விரியும். உங்களுடையது குவார்ட்சைட் என்றால் மணல்மணி கரடுமுரடாக இருப்பதால் அலைகோடு மங்கலாகவே தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. அதை வைத்துக் கல்லைத் தள்ளிவிட வேண்டாம். வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) இன்னும் சிரமம்.

வடுக்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆற்றில் உருளும்போதே ஒரு கல் இன்னொன்றை அப்படி உடைக்கும். இரு முகங்களிலும் பல வடுக்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரிசையாகப் போயிருந்தால் அது கை வேலை. பிறகு ஓரத்தை உங்கள் கண் மட்டத்தில் வைத்து நேராகப் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரு செதில், அந்தப் பக்கம் ஒரு செதில் என்று மாற்றி மாற்றித் தட்டியிருந்தால் ஓரம் ரம்பப்பல் போல வளைந்து வளைந்து போகும். உருண்டை முனையில் கூழாங்கல்லின் பழைய வழவழப்பான தோல் மிச்சமிருந்தால் குழம்ப வேண்டாம், பிடிக்கும் பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது சகஜம்.

அடுத்தது நிறம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். செம்மண் சரளையில் நெடுங்காலம் கிடந்த வடு, மஞ்சளோ பழுப்போ ஏறி, கல்லின் மற்றப் பரப்போடு ஒத்துப்போகும். ஜேசிபி பல்லோ கடப்பாரையோ பட்ட உடைப்பு வெளிர் சாம்பலாக, புத்தம் புதிதாகப் பளிச்சென்று நிற்கும். வடுக்கள் எல்லாமே வெளிர் நிறம் என்றால் அது உங்கள் பள்ளம் செய்த வேலை. பழைய வடுக்களின் நடுவே ஒரே ஒரு புது உடைப்பு இருந்தால் பாதகமில்லை; உள் நிறம் என்ன என்று காட்டிவிடும்.

தோப்புப் பாதைக்குச் சல்லி கொட்டியிருக்கிறீர்களா? கிரஷரில் உடைந்த ஜல்லியிலும் அடிகுழிவும் அலைகோடும் வரும். அதன் ஓரங்களில் ஒழுங்கு இருக்காது. ‘கைக்கு வாகாக அடங்குகிறது’ என்பதும் சான்று ஆகாது. ஆற்றில் பாதிக் கற்கள் கைக்கு அடங்கும்.

கடைசியாக, கல்லின் கூட்டாளிகளைத் தேடுங்கள். ஒரு கைக்கோடரி செய்யும்போது டஜன்கணக்கில் சில்லுகள் சிதறும். பள்ளத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்ணில், ஒரு பக்கம் மட்டும் புடைத்த குமிழோடு மெல்லிய சில்லுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. எடுத்து மூட்டை கட்ட வேண்டாம். படம் எடுத்து அங்கேயே விடுங்கள். ஒரே பையில் போட்டால் ஒன்றோடொன்று உரசி ஓரம் புதிதாகச் சிதையும்.

வயது விஷயத்தில் ஏமாற்றமான பதில்தான். கையிலிருக்கும் கல்லுக்கு ஆண்டு சொல்ல முடியாது. வடிவத்தை வைத்து, கைக்கோடரி என்றால் பழைய கற்காலத்தின் முற்பகுதி என்று தோராயமாகச் சொல்லலாம். வழவழவென்று தேய்த்து மெருகேற்றிய கருங்கல் கோடாலி என்றால் கதையே வேறு, அது பல லட்சம் ஆண்டு பின்னால் வந்த புதிய கற்காலம். 2006இல் மயிலாடுதுறைப் பக்கம் செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைத்தது அந்த வகைதான்.

அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து, 2011இல் வெளியிட்ட முடிவின்படி அங்கே கைக்கோடரி செய்தவர்கள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னே இருந்தார்கள்; சராசரிக் கணக்கு 15 லட்சத்தைத் தொடுகிறது. 2018இல் வந்த முடிவு, அதே இடத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இடைப் பழைய கற்கால உத்தி தொடங்கிவிட்டது என்கிறது. பெரிய கைக்கோடரி குறைந்து, முன்கூட்டியே சீர்செய்த மூலக்கல்லிலிருந்து சிறு செதில்களைத் திட்டமிட்டுக் கழற்றும் வேலை அது. முதல் கணக்கு, கல்லிலுள்ள குவார்ட்ஸ் நிலப்பரப்பில் கிடந்தபோது விண்கதிரால் சேர்ந்த அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய இரு கதிரியக்க அணுவகைகளும் புதைந்த பிறகு வெவ்வேறு வேகத்தில் தேய்வதை அளப்பது. இரண்டாவது, மணல்மணி கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று அளப்பது. இரண்டுக்குமே எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று தெரிந்தாக வேண்டும். இரண்டாவதற்கு ஒளி படாத மண்ணும் வேண்டும்: பள்ளத்தின் சுவரில் உலோகக் குழாயை அடித்து இறக்கி, மூடி எடுப்பார்கள்.

அத்திரம்பாக்கத்தில் களிமண் அடுக்கில் கைக்கோடரிகள் கிடந்தன. வெள்ளம் மெதுவாகப் படியவைத்த களிமண்ணில் இவ்வளவு பெரிய கல் தானாக வராது; யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள். சரளை அடுக்கில் அந்த வாதம் செல்லாது. உங்கள் கல் சரளையில் கிடைத்தது என்கிறீர்கள், அதனால் அது ஆற்றோடு வந்ததா, அங்கேயே போடப்பட்டதா என்பதைச் சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே குழாய் பதிக்கும் முன் இதைச் செய்யுங்கள். கல் கிடைத்த இடத்தில் பள்ளத்தின் சுவருக்கு நேரே ஒரு டேப்பைத் தொங்கவிட்டு, மேலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் மண்ணின் நிறம் மாறுகிறது என்று தெரியும்படி படம் எடுங்கள். போனில் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வரை குறியுங்கள். அது ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். கல்லை இரு முகம், இரு ஓரம் என நான்கு படம், பக்கத்தில் அளவுகோலோடு. நீளம், அகலம், தடிமன், எடை. சுவரைச் சுரண்டாமல் மண்ணைத் திருப்பிக் கொட்டி மூடிவிடலாம், அதுவே நல்ல பாதுகாப்பு. முடிந்தால் அந்த இரண்டு மீட்டரைச் சுற்றிக் குழாயைத் திருப்பிவிடுங்கள்.

மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். கல்லுக்கு என்ன மதிப்பு என்று நீங்களே முடிவு கட்டாமல், கிராம நிர்வாக அலுவலர் வழியாக ஒரு மனு கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லையும் படங்களையும் அங்கே காட்டுங்கள், காட்சிப்பெட்டிகளில் உள்ளவற்றோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். விற்க முயல வேண்டாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை.

நிலம் பற்றிய பயம் புரிகிறது. ஒரு கல் கிடைத்ததாகச் சொன்னதாலேயே தோப்பு போய்விடாது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க, அரசு முதலில் அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதம் தர வேண்டும். ஆனால் உங்கள் தோப்பு ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட ஓர் இடத்தை ஒட்டியிருந்தால் நிலைமை வேறு. மத்தியப் பாதுகாப்பிலுள்ள இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி தேவை. பம்ப் ஷெட் கட்டும் எண்ணம் இருந்தால், பூண்டிக்குப் போகும்போது சர்வே எண்ணையும் கையில் கொண்டுபோய் இதைக் கேட்டுவிடுங்கள்.